புல்லில் நட்ட பந்தக்கால்

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சின்னக் கலவரம் நடந்து முடிந்தது. வைட்ஃபீல்டில் மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அடுக்ககம் எங்களுடையது. கிளப் ஹவுசுக்கு முன்னால் ஒரு புல்வெளி உண்டு, பார்க்க மட்டும். அதற்கு இந்த அக்டோபரில் 'இலையுதிர் காலப் பராமரிப்பு' நடக்கப்போவதாகச் சங்கத்துச் செயலாளர் அறிவித்தார். மறுநாள் ஆட்கள் வந்து செம்மண்ணையும் மக்கிய மாட்டெருவையும் கலந்து புல்மேல் தூவிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே குழுவில் மூக்கைப் பொத்திய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. மேல்மாடிக்காரர் ஒருவர் இந்த நாற்றத்தால் தம் குழந்தைக்கு மன அழுத்தம் வருவதாக எழுதினார். இன்னொருவர் நாற்றமில்லாத சாணம் ஆன்லைனில் கிடைக்கிறது என்று லிங்க் அனுப்பினார். அதற்கு நிறையப் பேர் கைகூப்பினார்கள்.

என்னோடு இருக்கும் அம்மா பால்கனியில் நின்று நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா மக்குன எருதான். உங்கப்பா இருந்தா கீழ போயி அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பாரு," என்றாள்.

எனக்குப் பெங்களூரின் பருவங்கள் ஓரளவு தெரியும். மழைக்காலம் தெரியும், மழை நின்றுவிட்டதாகச் சொல்லி ஏமாற்றும் காலம் தெரியும், பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுக்கச் சாக்குக் கிடைக்கும் காலமும் தெரியும். இலையுதிர் காலத்தை மட்டும் இந்த ஊரில் எங்கேயும் பார்த்ததில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு வீட்டில் அது வருஷம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீடுதான் அது. தானாக வரவில்லை, அப்பா அதைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

அப்பா கோலார் தங்கவயலில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். சுரங்கத்துக்குள் ஆட்களைக் கூண்டில் இறக்குவதும் திரும்ப மேலே இழுப்பதும் அந்த இன்ஜின்தான். நாங்கள் இருந்த லைன் வீட்டுக்குப் பின்பக்கம் சயனைடு மேடு. பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சும் தூளை அங்கே மலையாகக் குவித்திருந்தார்கள். தங்கம் பெரிய ஊர்களுக்குப் போனது, தூளை எங்களுக்கே விட்டுவிட்டார்கள். ஆடிக் காற்றில் அது பறந்துவந்து சோற்றில் உட்காரும். பச்சையாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் ஆபீசர் பங்களாக்களின் பக்கம் போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகியும், அவர்கள் விட்டுப்போன புல்வெளிகளை நம் ஆட்கள் அதே மிடுக்கோடு காப்பாற்றிவந்தார்கள். பங்களா நாய் அதில் புரளலாம். டியூட்டி முடிந்து குறுக்கே போகும் தொழிலாளி கால் வைத்தால் விசில் ஊதுவார்கள். அப்பா சர்வீஸ் முழுக்க அந்தப் புல்லைச் சுற்றிக்கொண்டேதான் வேலைக்குப் போனார், வந்தார்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று உறுதியானதும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்து கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு முப்பதுக்கு நாற்பதடி சைட்டில் வீடு கட்டினார். அந்தத் தெருவில் எல்லோரும் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுக் கட்டினார்கள், கொஞ்சம் தைரியசாலிகள் அதையும் தாண்டிக் கட்டினார்கள். அப்பா ஒருவர்தான் முன்பாதியைப் புல்லுக்கு ஒதுக்கிவிட்டுப் பின்பாதியில் எங்களை அடைத்தார். புல்லுக்கு ஹால், பெட்ரூம் எல்லாம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டோம். அம்மாவுக்கு அந்த இடத்தில் ஒரு கீரைப் பாத்தியும் ஒரு துணிக்கொடியும் வேண்டும் என்று ஆசை. கடைசிவரை அவள் துணியைத் தண்ணீர் டேங்க் பக்கத்தில்தான் உலர்த்திக்கொண்டிருக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டிருந்தது, எழுதியவர் அப்பா.

புல்லை மிதிக்கக் கூடாது. கேட்டிலிருந்து வாசல்படிவரை ஓரமாக ஒல்லியான சிமெண்டுப் பாதை ஒன்று. யார் வந்தாலும் அதன்மேல் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் வர வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் ரேஷன் கடைக்கு வந்தவர்கள் மாதிரி அப்படித்தான் வரிசையில் வந்தார்கள்.

இத்தனைக்கும் அது ஏதோ சீமைப் புல் இல்லை, சாதாரண அருகம்புல். அதனால் விநாயக சதுர்த்தி வந்தால் அப்பாவுக்குக் காய்ச்சலே வந்துவிடும். தெருவில் இருக்கிற பெண்களெல்லாம் கேட்டுக்கு வெளியே தட்டோடு நிற்பார்கள். பிள்ளையாருக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது, உள்ளே வந்து பறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் மனம் வராது. கத்தரிக்கோலை எடுத்துவந்து, சுவரோரத்தில் தானே ஒவ்வொன்றாக வெட்டிக் கேட்டு வழியாக நீட்டுவார். முடிவெட்டுகிறவர்கூட அவ்வளவு நிதானமாக வெட்டியிருக்க மாட்டார். ஒருமுறை ஒரு அம்மா, "பெரிய புள்ளையாருங்க, இன்னும் கொஞ்சம் குடுங்க," என்றபோது அப்பா, "சின்னதா வாங்கியிருக்கலாமேம்மா," என்றார்.

இலையுதிர் காலத்துக்கு வருகிறேன். தங்கவயலில் ஆபீசர் கிளப்பின் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது ஆளாளுக்கு நாற்காலி, பீங்கான் தட்டு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா இரண்டு பொருளோடு வந்தார். ஒன்று, கம்பி விரல்களை விசிறியாக விரித்த, உதிர்ந்த இலையை வாரும் வாரி. இன்னொன்று, இங்கிலாந்தில் அச்சடித்த, அட்டை கழன்ற ஒரு தோட்டப் புத்தகம். அதில் மாதாமாதம் புல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த ஊர்ப் புல்லுக்கு, அந்த ஊர் மாதத்தில். இந்தச் சின்ன விஷயம் அப்பாவின் கண்ணில் படவே இல்லை.

அக்டோபரில் உதிர்ந்த இலைகளை வார வேண்டும் என்றது புத்தகம். முள்கரண்டியால் மண்ணில் துளை போட வேண்டும், எருவும் மணலும் கலந்து தூவ வேண்டும், பனி உறைந்து புல் வெளுக்கும் என்பதால் அதற்குள் தீனி போட்டு யாரையும் மிதிக்கவிடாமல் காக்க வேண்டும் என்றது. பனிக்குப் புல்லைப் போர்த்த அப்பா ஒரு அடுக்குக் கோணிச்சாக்கு வாங்கிவந்து தயாராக வைத்தார்.

"பா, இங்கெல்லாம் பனி உறையாதுபா," என்றேன்.

"புக்குல போட்டிருக்கான். சும்மாவா போடுவான்?"

அச்சில் வந்ததை எதிர்த்துப் பேசும் பழக்கம் எங்கள் வம்சத்துக்கே கிடையாது. அந்தச் சாக்குகள் பல வருஷம் பனிக்காகக் காத்திருந்து, கடைசியில் எலிக்குப் பயன்பட்டன.

நான் அப்போது பீன்யா தொழிற்பேட்டையில், டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்தக் காலத்துப் பீன்யா இரும்புத்தூளும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனையை நம் தலைமுடியில் ஏற்றி அனுப்பிவைக்கும். அந்த வாசனையோடு கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து, தெருமுனையில் இறங்கினால், அடுத்ததாக எருவின் வாசனை வந்து கட்டிப்பிடிக்கும். லிங்கராஜபுரத்தில் மாடு வைத்திருந்தவரிடமிருந்து அப்பா சைக்கிள் கேரியரில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சலித்திருப்பார். மாவு சலிக்கும் சல்லடையில்தான். அம்மா புதுச் சல்லடை வாங்குவாள், அடுத்த அக்டோபரில் அதுவும் கட்சி மாறிவிடும். நான் கேட்டைத் திறக்கும் நேரத்தில் அப்பா புல்வெளியை வாரிக்கொண்டிருப்பார். எங்கள் தெருவில் மரமே கிடையாது. இருந்தது ஒரு கரெண்டு கம்பம். அது இலை உதிர்க்கவில்லை. ஆனாலும் புத்தகம் வாரச் சொல்லியிருக்கிறதே! ஒரு இலைகூட இல்லாத புல்லை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும் பயபக்தியோடு வாருவார்.

"இல்லாத குப்பைய வாரிக்கிட்டு ஒரு மனுஷன். நாளைக்கு இல்லாத மாட்டுல பாலு கறப்பாரு," என்பாள் அம்மா.

அப்படி ஒரு அக்டோபரில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஐப்பசியில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்குப் பெங்களூரிலேயே ஒக்கலிபுரம். கல்யாணம் சத்திரத்தில்தான், ஆனால் பந்தக்காலை வீட்டு வாசலில்தான் நட வேண்டும். அதை முன்னால் நின்று நடத்த, அப்பாவின் அக்கா, என் அத்தை, தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மூங்கிலோடு ஒரு கல்யாண முருங்கைக் கிளையையும் சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, குழியில் பால் ஊற்றி நடுவோம். கிளையை அத்தையே ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

அவள் வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வலதுபக்கம் சிமெண்டு, இடதுபக்கம் சிமெண்டு, பின்னால் போனாலும் சிமெண்டு. மண் என்று இருந்தது ஒரே இடத்தில்தான். அதன்மேல் முந்தாநாள் தூவிய எரு இன்னும் கறுப்பாக இருந்தது, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது.

"எங்கடா தோண்டுறது?"

அப்பா உள்ளே போய் ஒரு பழைய பெயிண்டு டப்பாவை எடுத்துவந்தார். கழுவி, மணல் நிரப்பி, பொட்டுகூட வைத்திருந்தார். முன்கூட்டியே யோசித்திருக்கிறார் மனிதர்.

"இதுல நட்டுடலாம்க்கா. இப்பதான் உரம் போட்டிருக்கேன். கொஞ்ச நாளைக்குப் புல்லுல கை வெக்கக் கூடாது."

அத்தை டப்பாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "டப்பாவுல நட்டா பொண்ணு வாழ்க்கையும் டப்பாவுலதான்டா ஆடிக்கினு நிக்கும். வேரு எங்க போவும்? பொண்ணா, புல்லா? நீயே சொல்லு. புல்லுன்னா நான் மத்தியான ரயில புடிக்கிறேன்."

தாம்பாளத்தோடு வந்திருந்த பெண்கள் சிமெண்டுப் பாதையில் வரிசையாக நின்றார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நிமிஷம் எனக்குக் கல்யாணம், மாப்பிள்ளை, சத்திரம் எதுவுமே பெரிதாகத் தெரியவில்லை. என் வீட்டிலேயே என்னைவிட வசதியாக வாழ்ந்துகொண்டிருந்த அந்தப் புல்லுக்கும் எனக்கும் போட்டி என்று வந்துவிட்டது. அப்பா எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். அவர் யோசித்தார் என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா கயிற்றை அவிழ்த்தார். கடப்பாரையை எடுக்கவில்லை, முதலில் அம்மாவின் கத்தியை எடுத்துவந்தார். புல்லை வட்டமாக அறுத்து, தோசையைத் திருப்புவதுபோல் முழுசாகக் கிளப்பி, ஈரச்சாக்கின்மேல் வைத்தார், வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று. பிறகுதான் கடப்பாரை. ஒவ்வொரு குத்துக்கும் அவர் முகம் பல் பிடுங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் மாதிரி சுருங்கியது. ஆனால் நன்றாகவே ஆழமாகத் தோண்டினார். பால் ஊற்றினோம், நட்டோம். பெண்கள் குலவை போட்டபடி, எவ்வளவு நாள் ஆசையோ தெரியவில்லை, புல்லை நன்றாக மிதித்தார்கள்.

கல்யாணம் முடிந்ததும் மூங்கிலை எடுத்துவிட்டார்கள். கிளையை எடுக்க மட்டும் நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டுப் போனாள். அந்த நல்ல நாள் வருவதற்குள் கிளை துளிர்த்துவிட்டது. துளிர்க்காமல் என்ன செய்யும்? அந்த அக்டோபரில் எங்கள் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டது அந்த மண் ஒன்றுதான். பந்தக்கால் துளிர்த்தால் பெண்ணின் வாழ்க்கையும் தழைக்கும், அதைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் பெண்ணுக்கு ஆகாது என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. ஈரச்சாக்கில் காத்திருந்த அந்த வட்டப் புல், போக இடமில்லாமல் அங்கேயே காய்ந்தது.

கல்யாண முருங்கை வளருவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரைத் தாண்டி, சன்ஷேடைத் தாண்டி, முள்ளும் முரடுமாக எழுந்து நின்றது. நிழல் விழுந்த இடத்தில் அருகம்புல் சொட்டையானது. அம்மாவுக்குக் கொண்டாட்டம். மழைக்காலத்தில் சளி என்று யார் இருமினாலும் அதன் இலையைப் பறித்து, அரிசியோடு அரைத்து அடை சுட்டாள். மரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே துணிக்கொடி கட்டினாள். அப்பாவின் புல்வெளிக்கு மேலே அம்மாவின் பாவாடை கொடியாகப் பறந்தது. அப்பா அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

ஒருநாள் எனக்குக் கம்பெனி ஆபீசுக்குப் போன் வந்தது. அந்த நாளில் ஆபீசுக்குப் போன் வந்தால் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். சூப்பர்வைசர் துக்க முகத்தைத் தயார் செய்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். ரிசீவரை எடுத்தேன். அப்பாதான்.

"இலை கொட்டுதும்மா!"

"என்னப்பா ஆச்சு?"

"மரம்மா. பழுத்துப் பழுத்துக் கொட்டுது. காலையிலயே ஒரு கூடை வாரிட்டேன்."

அது மார்கழி. புத்தகம் சொன்ன மாதம் தாண்டிப்போயிருந்தது. அதனாலென்ன, இங்கிலாந்திலிருந்து வருவதற்கு நேரமாகாதா? இத்தனை வருஷம் வெறும் புல்லை வாரிய மனிதருக்கு வாருவதற்கு இலை கிடைத்துவிட்டது. என்ன விஷயம் என்று சூப்பர்வைசர் கேட்டார். இலையுதிர் காலம் என்றேன். ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

மரம் தழைத்த அளவுக்கு என் கல்யாணம் தழைக்கவில்லை. என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருந்தது. அதை மறைக்கக்கூட அவர் அதிகம் சிரமப்படவில்லை, எனக்குத்தான் கண்டுபிடிக்க நேரமானது. ஒரு சூட்கேஸோடு ஆட்டோவில் கம்மனஹள்ளிக்குத் திரும்பினேன். வேறு மாதம் கிடைக்காததுபோல் அதுவும் அக்டோபர். அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுச் சூட்கேஸை வாங்கிக்கொண்டாள்.

விஷயம் தெரிந்து அத்தை வந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவள் நேராக மரத்துக்குத்தான் போனாள்.

"வெட்டுடா இத. பொய் சொன்ன மரம். இதைப் பார்த்துக்கினே பொண்ணு எப்படிடா இந்த வீட்டுல இருப்பா?"

அப்பாவுக்கு இதைவிட நல்ல சாக்கு இனி வாழ்க்கையில் கிடைக்காது. புல்லைத் திரும்பப் பெற ஊரே அனுமதி கொடுக்கிறது, தோஷம்கூட இல்லை. புதிதாக எரு தூவி, கயிறு கட்டி, கையில் வாரியோடு நின்றிருந்தார். நான் வழக்கம்போல் சிமெண்டுப் பாதையில் நின்றிருந்தேன். வெட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வெட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

"அவன் போனா போவட்டும்க்கா," என்றார் அப்பா. "இது அவன் வெச்சதா? எம் பொண்ணுக்காக நான் தோண்டி வெச்சது. அவ இருக்கா இல்ல? இதுவும் இருக்கட்டும்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"இன்னா அங்கயே நின்னுக்கினு இருக்கே? போயி மரத்தாண்ட உக்காரு."

"புல்லு மேலயா?"

"பின்ன?" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். "செருப்ப மட்டும் கழட்டிடு."

போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவை. ஈர எரு புடவையில் அப்பியது. சில்லென்று இருந்தது. ஒக்கலிபுரத்திலிருந்து கிளம்பும்போதும் ஆட்டோவிலும் வராத அழுகை அங்கே வந்தது. அப்பாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. என்னைச் சுற்றி இலை இல்லாத புல்லை மெதுவாக வாரிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பீன்யாவிலிருந்து வந்ததும் டீ டம்ளரோடு நான் உட்காரும் இடம் அதுதான். அந்த இடத்துப் புல் மொத்தமாகச் செத்துப்போனது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்பா போனபின் அந்த வீட்டை அம்மாவாலும் என்னாலும் கட்டிக்காக்க முடியவில்லை. வாங்கியவர் பத்திரம் பதிந்த வாரத்திலேயே மரத்தை எடுத்துவிட்டார். போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவள் தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். கரெண்டு கம்பத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தேன். சுவரைத் தொட்டு நிற்கும் ஐந்து மாடி பி.ஜி. ஹாஸ்டல். பெயரில் மட்டும் ஒரு 'கிரீன்' இருக்கிறது. அப்பா குழி தோண்டிய இடத்தில் ஸ்கூட்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் எழுந்துவந்தார்.

"யார் பேக்கு மேடம்?" என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டார்.

எங்கப்பா வேண்டும் என்று எனக்குக் கன்னடத்திலும் சொல்ல வரவில்லை, தமிழிலும் சொல்ல வரவில்லை.